கிளினிக் கொப்பிக்குள் ஒரு துண்டு: புற்றுநோயோடு வாழ்பவர்களின் தாம்பத்தியத்துக்கு ஒரு வழிகாட்டி

மார்பில் ஒப்பரேசன் முடிந்து மனைவி வீட்டுக்கு வந்த அன்றிரவு, பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு நான் விறாந்தைக்குப் போனேன். நித்திரையில் என் கை பட்டு அவளுக்கு நொந்துவிடக் கூடாது என்ற பயம். அதை அவளிடம் சொல்லவில்லை. நாலு மாதம் விறாந்தையிலேயே படுத்தேன். ஒருநாள் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, என்னைப் பாக்க அருவருப்பா இருந்தா வாயத் திறந்து சொல்லுங்கோவன்." எனக்குக் கதைக்க வாய் வரவில்லை.

அன்றிரவே பாய் அறைக்குள் திரும்பியது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பது தெரிந்தது. எதைச் செய்யலாம், எது ஆபத்து, யாரைக் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது? ஊரில் ஒருவரும் இதைக் கதைப்பதில்லை. கதைத்தாலும், "உயிர் தப்பினதே பெரிய காரியம், இனி என்னத்துக்கு அதெல்லாம்" என்ற ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். நான் வைத்தியனில்லை. கிளினிக் வாங்கில் குந்தியிருந்து கேட்டதும், வாசித்ததும், பிழைவிட்டுத் திருந்தியதும்தான் இங்கே இருக்கிறது. பெண்களுக்கான பகுதியை மனைவி வாசித்து இரண்டு இடத்தில் வெட்டினாள். மருந்திலும் நாள்கணக்கிலும் உங்கள் டொக்டர் சொல்வதே முடிவு.

முதலில், கேட்பது எப்படி

நோயாளி, டொக்டர் கேட்பார் என்று இருப்பார். டொக்டர், தேவையென்றால் நோயாளி கேட்பார்தானே என்று இருப்பார். பின்னால் அடுத்த ஆள் கொப்பியோடு நிற்பார், பக்கத்து மேசையில் வேறொரு குடும்பம் இருக்கும். அந்த இடத்தில் இந்தக் கதையை எடுக்க யாருக்கு நா எழும்பும்?

எங்களுக்கு உதவியது ஒரு துண்டு. வீட்டிலேயே அரைத்தாளில் எழுதி, டொக்டர் திறக்கப்போகும் பக்கத்தில், கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். இப்படி எழுதலாம்: "டொக்டர், சிகிச்சைக்குப் பிறகு குடும்ப வாழ்க்கையில் கஷ்டமாக இருக்கிறது. ஐந்து நிமிடம் தனியாகக் கதைக்க வேண்டும்." எங்கள் பக்கத்தில் "குடும்ப வாழ்க்கை" என்றால் டொக்டருக்கும் நேர்ஸுக்கும் விளங்கும். ஆனால் தனியாகக் கதைக்கும்போது அந்தச் சொல்லோடு நிற்காதீர்கள். "கஷ்டம்" என்றால் காசுக் கஷ்டமாகவும் இருக்கலாம். காய்ந்துபோய் எரிகிறதா, உள்ளே போகவே முடியாமல் இறுக்கமாக இருக்கிறதா, பிறகு இரத்தம் படுகிறதா, விறைப்பு வரவில்லையா, ஆசையே எழும்பவில்லையா, எப்போதிருந்து? இவற்றில் எது என்று சொன்னால்தான் மருந்து வரும்.

துணைக்கு மாமியோ மகளோ வந்திருந்தால், அந்த நேரம் பார்த்து அவர்களைத் தண்ணிப்போத்தல் வாங்க அனுப்புங்கள். டொக்டருக்குத் தமிழ் போதாமல் இடையில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியிருந்தால், பெண்கள் ஒரு பெண் நேர்ஸைக் கேட்கலாம். "மிஸ், இதை ஒரு பொம்பிளையிட்ட சொல்லத்தான் எனக்கு ஏலும்" என்றால் போதும்.

யாரிடம் போவது? வடக்கில் பெரும்பாலானோருக்கு முதல் இடம் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து சேர்த்த பணத்தில் எழுந்த கட்டடம் அது. உங்கள் மருந்துகள் முழுவதும் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், ஆகவே கேள்வி அங்கேயே தொடங்கட்டும். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கோ சிறுநீர் சம்பந்தமான கிளினிக்குக்கோ கடிதம் கேட்கலாம். மகரகமவிலுள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை எடுத்தவர்கள் அங்கே தந்த குறிப்புகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கருத்தடை பற்றி என்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமே பாதி வேலை முடியும். மனம் சரிந்துபோயிருந்தால் தெல்லிப்பளையிலேயே மனநலப் பிரிவும் இருக்கிறது. இரவில் தனியே இருந்து அழுகிற நிலை என்றால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைக்கலாம். கையில் காசிருந்தால் தனியாரிடம் சனல் பண்ணி, காசு கட்டிக் காட்டுங்கள், கதைக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

மருந்து தொடங்க முன்

கலியாணம் ஆகாத பிள்ளைகளும் இன்னும் குழந்தை வேண்டும் என்றிருக்கும் சோடிகளும் இந்தப் பகுதியைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். கீமோவின் சில மருந்துகளும் அடிவயிற்றுக்குக் கொடுக்கும் கதிரும் கருமுட்டையையும் விந்தையும் பாதிக்கும். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. ஆகவே முதல் ஊசிக்கு முன்னரே "எனக்குப் பிறகு பிள்ளை பிறக்குமா, இப்போதே எதையாவது பாதுகாத்து வைக்கலாமா?" என்று கேட்டாக வேண்டும். ஆண்களுக்கு விந்தை உறையவைப்பது ஓரிரு நாள் வேலை. பெண்களுக்குக் கருமுட்டை எடுக்க ஏறக்குறைய இரண்டு கிழமை வேண்டும். நோய் அவ்வளவு பொறுக்குமா என்பதை டொக்டர்தான் சொல்வார். பெரும்பாலும் தனியார் கருவளச் சிகிச்சை நிலையங்களுக்குத்தான் போகவேண்டி வரும், செலவும் சின்னது இல்லை.

இங்கே ஒரு கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதுப் பெடியனுக்காக அவனுடைய பெரியப்பா, "இப்ப உதெல்லாம் தேவையில்லை" என்று முடிவெடுத்ததை நான் கண்டிருக்கிறேன். அவனை யாரும் கேட்கவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு பேச்சுக்கால் வரும்போது பதில் சொல்லப்போவது பெரியப்பா இல்லை.

கீமோ ஓடும் காலத்தில்

புற்றுநோய் தொற்றாது. ஒரே படுக்கையில் படுக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒரே கோப்பையில் குடிக்கலாம், கொஞ்சலாம். உடலுக்கு வெளியே இருந்து மெசினால் கொடுக்கும் கதிரும் அப்படித்தான். மெசின் நின்றவுடன் உடலில் கதிர் எதுவும் தங்காது, குழந்தையைத் தூக்கலாம், துணையோடு படுக்கலாம். தைரொயிட் புற்றுநோய்க்குக் குடிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயடின் மட்டும் வேறு கதை. அதற்குச் சில நாள் விலகித்தான் இருக்க வேண்டும், எத்தனை நாள் என்று எழுதித் தருவார்கள். அதற்குப் பிறகு பெண்கள் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

உடலுறவு கொள்ளலாமா என்பதற்குப் பதில் இரத்த ரிப்போட்டில் இருக்கிறது. டெங்குக் காலத்தில் பிளேற்லெற் கணக்கைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிக் கேட்டுப் பழகிய ஊர் எங்களது. அதே பிளேற்லெற்தான் இங்கேயும். 50,000க்குக் கீழே இறங்கினால் உள்ளே நுழையும் உறவு வேண்டாம், சின்ன உரசலிலும் இரத்தம் கசியும். வெள்ளணுக்களில் நியூட்ரோபில் என்ற வகை 1,000க்குக் கீழே என்றாலும் பொறுத்திருங்கள், கிருமி இலகுவாகப் பிடித்துவிடும். கீமோ ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள்தான் வழமையாக இந்தக் கணக்குகள் அடியில் கிடக்கும். அந்தக் காலத்தில் 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் என்றால் பனடோல் போட்டுப் படுக்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாகனமில்லாவிட்டால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

கீமோ மருந்து இரண்டு மூன்று நாள் உடலின் நீர்களிலும் வெளியேறும். ஆகவே ஏற்றிய பிறகு குறைந்தது மூன்று நாள் கொண்டம் போட வேண்டும். ஒரு கிழமை என்று சொல்லும் டொக்டர்மாரும் உண்டு. வாயால் கொள்ளும் உறவுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு பெரிய மயக்கம் மாதவிடாய் நின்றுபோவது. நின்றுவிட்டது, இனிப் பிள்ளை தங்காது என்று நினைத்துவிடாதீர்கள். கீமோவில் நின்ற மாதவிடாய் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பும், அதற்கு முன்னரே கரு தங்கவும் கூடும். கீமோவும், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமொக்சிபென் மாத்திரையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கும். டமொக்சிபென் கருத்தடை மாத்திரையும் இல்லை. அதை நிறுத்திய பிறகும் 9 மாதம் வரை பொறுக்கச் சொல்வது வழக்கம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை, மூன்று மாத ஊசி, கையில் வைக்கும் குச்சி எல்லாம் ஓமோன் என்பதால் பொதுவாக விலக்கு. மிஞ்சுவது கொண்டமும், கருப்பைக்குள் வைக்கும் செம்புக் கம்பி சுற்றிய லூப்பும்தான். லூப் போடக் குடும்பநல உத்தியோகத்தரிடம் போகும்போது புற்றுநோய்க் கிளினிக் கொப்பியையும் காட்டுங்கள், வெள்ளணு குறைந்த நாளில் போடக்கூடாது. ஆணுக்குக் கீமோ என்றாலும் கருத்தடை வேண்டும். சிகிச்சை முடிந்து குறைந்தது 6 மாதம், சில மருந்துகளுக்கு அதைவிடக் கூட.

பெண்களுக்கு: காய்வும் இறுக்கமும்

மனைவி மிகவும் கஷ்டப்பட்டது இதில்தான். கீமோவும் சூலகத்தை அடக்கும் ஊசியும் லெற்றசோல் மாதிரி மாத்திரைகளும் ஈஸ்திரோஜன் என்ற பெண் ஓமோனைக் குறைத்துவிடும். பெண்ணுறுப்பின் தோல் மெலிந்து, காய்ந்து, தொட்டாலே எரியும். "வயது போகுது, அப்படித்தான்" என்று அவளும், "அவளுக்கு என்னில் விருப்பமில்லை" என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதற்கு இரண்டு பொருள் வேண்டும், இரண்டுக்கும் வேலை வேறு. ஒன்று ஈரப்பதம் தரும் ஜெல். உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிழமைக்கு இரண்டு மூன்று தரம், படுக்கப் போகும்போது உள்ளே பூச வேண்டும். முகத்துக்குக் கிறீம் பூசுவது போலத் தொடர்ந்து செய்தால்தான் பலன், ஓரிரு மாதம் எடுக்கும். மற்றது உறவு நேரத்தில் பயன்படுத்தும் வழுக்கும் ஜெலி. நீரில் கரைகிற, வாசனையோ சூடேற்றும் சரக்கோ சேர்க்காத ஜெலியாகப் பாமசியில் கேளுங்கள். கேட்க வெட்கமென்றால் பெயரை எழுதிய துண்டு இங்கேயும் உதவும். தாராளமாகப் பூச வேண்டும், கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்தான் மருந்து. கொண்டம் போடும் காலத்தில் அது வேண்டவே வேண்டாம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வசிலின் எல்லாம் கொண்டத்தின் ரப்பரை இளக்கிக் கிழித்துவிடும். டெற்றோல் கலந்த தண்ணியால் உள்ளே கழுவும் பழக்கத்தையும் விடுங்கள். வெறும் தண்ணீர் வெளியே பட்டால் போதும்.

ஜெலியும் கைகொடுக்காவிட்டால் உள்ளே வைக்கும் ஓமோன் கிறீம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காரர் அதைத் தாங்களாக வாங்கக் கூடாது. புற்றுநோய் டொக்டர் சம்மதித்தால் மட்டும்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு அடிவயிற்றில் கதிர் எடுத்தவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. கதிர் பட்ட உட்சுவர்கள் தழும்பாகி ஒன்றோடொன்று ஒட்டும், பாதை குறுகி நீளமும் குறையும். அப்படி மூடிக்கொண்டால் உறவு மட்டுமில்லை, பிறகு டொக்டர் உள்ளே பார்த்துச் சோதிப்பதும் கஷ்டம். இதைத் தடுக்க டைலேற்றர் என்று மெழுகுதிரி வடிவில் வழவழப்பான பொருள் ஒன்று உண்டு, சின்னதிலிருந்து பெரியது வரை அளவு வரும். கதிர் முடிந்து புண் ஆறியதும், பெரும்பாலும் இரண்டு முதல் எட்டுக் கிழமைக்குள், தொடங்கச் சொல்வார்கள். ஜெலி பூசி, மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, மூச்சை விட்டபடி மெல்ல உள்ளே வைத்து, ஐந்து பத்து நிமிடம். கிழமைக்கு இரண்டு மூன்று தரம். ஒரு வருடமாவது, அதற்கு மேலும் தொடர வேண்டியிருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து வைப்பது. தொடக்கத்தில் துளி இரத்தம் படலாம், நிறையப் பட்டாலோ கடுமையாக நொந்தாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். டைலேற்றர் கைக்கு எட்டாவிட்டால் அதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்தலாம் என்று கிளினிக்கிலேயே கேளுங்கள், சுத்தமான விரலால்கூடச் செய்யச் சொல்வதுண்டு.

வாங்கில் என் மனைவிக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அக்கா, நல்லூர்க் கொடியேறியதும் 25 நாளும் இதை நிறுத்திவிட்டாவாம், விரதத்துக்கு ஆகாதென்று. திரும்பத் தொடங்கியபோது பழைய சின்ன அளவுக்கே இறங்க வேண்டி வந்ததாம். இது காலுக்குச் செய்கிற பிசியோதெரபி மாதிரி. திருவிழாவுக்கு என்று யாரும் இன்சுலினை நிறுத்துவதில்லையே.

அதே வாங்கில் கேட்ட இன்னொரு கதைக்காக ஒரு பந்தி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் உடலுறவில் தொற்றும் எச்.பி.வி. வைரஸ் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, "எவனிட்ட வாங்கினனீ?" என்று மனைவியைக் கேட்ட மனிசன் ஒருவர். உறவு வாழ்க்கை தொடங்கிய பெரும்பாலானோரை அந்த வைரஸ் ஒருமுறையாவது தொட்டுப் போகும், பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் தங்கினால் புற்றுநோயாக மாறப் பத்துப் பதினைந்து வருடமும் அதற்கு மேலும் ஆகும். எப்போது, யாரிடமிருந்து என்று எந்தச் சோதனையும் சொல்லாது. அந்த மனிசன் தன்னையே கேட்டிருக்கலாம். இலங்கையில் 2017 முதல் பாடசாலையில் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடுகிறார்கள். உங்கள் மகளுக்குப் படிவம் வந்தால் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். 35 வயதான பெண்கள் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்தை இலவசமாகச் சோதிக்கலாம்.

ஆண்களுக்கு

ஆண்கள் கேட்கவே மாட்டார்கள், நேரே பாமசிக்குப் போவார்கள். ஆகவே ஆபத்தை முதலில் சொல்கிறேன். வயகரா என்று அறியப்பட்ட சில்டெனாபிலை, நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழ் வைக்கும் மாத்திரையோ வேறு நைட்ரேற் மருந்தோ எடுப்பவர்கள் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிர் போகலாம். மற்றவர்களும் டொக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

புற்றுநோய்க்காகப் புரஸ்டேட் சுரப்பியை எடுக்கும் ஒப்பரேசனில் விறைப்புக்கான நரம்புகள் அடிபடும். அவை தேற ஒன்றரை, இரண்டு வருடமும் ஆகலாம், சிலருக்கு முழுதாகத் தேறாது. மாத்திரைக்குச் சரிவராவிட்டால் காற்றை இழுத்து விறைப்பு வரவைக்கும் பம்பும் ஊசியும் இருக்கின்றன. உச்சம் வரும், விந்து வராது. பயப்பட ஒன்றுமில்லை, விந்தின் பெரும்பகுதியைச் செய்யும் உறுப்புகளைத்தான் எடுத்துவிட்டார்களே. அந்த நேரம் கொஞ்சம் சலம் கசிந்தால், முன்கூட்டியே சலம் கழித்துவிட்டுக் கொண்டம் போட்டுக்கொள்ளலாம். ஆண் ஓமோனை அடக்கும் ஊசி போடுபவர்களுக்கு ஆசையே மங்கிவிடும். அது மருந்தின் வேலை என்பதை மனைவிக்கும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் வேறு கதை பிறக்கும்.

இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். கதிரில் எச்சில் வற்றி வாய் காயும், முகத்தின் வடிவும் மாறியிருக்கும். கொஞ்சப் பயந்து ஒதுங்குவது பெரும்பாலும் அவர்கள்தான், மனைவிமார் இல்லை. பக்கத்தில் தண்ணீர் வைத்து அடிக்கடி வாயை நனைத்துக்கொள்ளுங்கள்.

மலம் வெளியேற வயிற்றில் பை வைத்தவர்கள், ஆணோ பெண்ணோ, முன்னதாகப் பையை வெறுமையாக்கி ஒரு துணியால் கட்டிக்கொண்டால் போதும். துளைக்குள் எதையும் நுழைக்கக் கூடாது.

திரும்பத் தொடங்குவது

கருப்பை எடுத்தவர்கள் ஆறு முதல் எட்டுக் கிழமை பொறுக்க வேண்டும். மார்பு ஒப்பரேசனுக்குத் தையல் ஆறி, அவளுக்குச் சரியென்று பட்டால் சரி. எலும்புக்குப் பரவியிருந்தால் எந்த எலும்பில் பாரம் விழக்கூடாது என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். பரவியிருக்கிறது என்பதற்காக நெருக்கம் முடிந்துவிட்டதென்று யாரும் தீர்ப்பெழுதத் தேவையில்லை.

நாங்கள் தொடங்கியது முதுகு தடவுவதில். ஒரு மாதம் அதற்கு மேலே போவதில்லை என்று பேசிக்கொண்டோம், அதனாலேயே அவளுக்குப் பயம் விட்டது. நோமாத்திரை எடுப்பவர்கள் அரை மணி, முக்கால் மணிக்கு முன் போட்டுக்கொள்ளலாம். ஒப்பரேசன் செய்த பக்கம் ஒரு சின்னத் தலையணை. இரவில் களைப்பென்றால் விடியப்புறம். தழும்பை அவள் மூடிக்கொள்ள விரும்பினால் மூடிக்கொள்ளட்டும். கேட்டுவிட்டுத் தொடுங்கள். "நொந்தாச் சொல்லும், நான் நிப்பாட்டுறன்" என்ற ஒரு வசனத்தை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன்.

துணை இல்லாதவர்களுக்கும், கலியாணம் கட்டாதவர்களுக்கும், துணையை இழந்தவர்களுக்கும் இந்த உடம்பு இருக்கிறது. காய்வும் எரிவும் அவர்களுக்கும் நோகும். "உமக்கு ஏன் இது?" என்று யாராவது கேட்டால், நோகுது என்பதே போதுமான காரணம்.

கடைசியாக வீடு. நோயாளி இருக்கும் வீடு எங்கள் ஊரில் சந்தை மாதிரி. ஹோர்லிக்ஸ் போத்தலோடு வருபவர்கள், பார்த்துப் போக வருபவர்கள், உதவிக்கென்று தங்கிவிட்ட மாமி. கதவை யாரும் தட்டுவதில்லை. மாமியிடம், "மத்தியானம் ரெண்டு மணித்தியாலம் அவ படுக்கட்டும், ஆக்களை விடாதேங்கோ" என்று நான் சொன்னேன், மாமி நல்ல காவல்காரி. பிறகு அறைக் கதவுக்கு உள்ளே ஒரு கொண்டி வாங்கிப் பூட்டினேன். போடும்போது கிரீச்சிட்டு வீடு முழுக்கக் கேட்டது. அதற்கு இரண்டு துளி தேங்காயெண்ணெய் விடுங்கள், அதற்கு அது நல்லது.